மூளைக்கு ஒரு டைட்டில் பிளாக்!

தலைப்பைப் பார்த்ததும் மெக்கானிக்கல் நண்பர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. டைட்டில் பிளாக் என்பது டிராயிங் ஷீட்டின் வலது கீழ் மூலையில் போடும் கட்டமாயிற்றே, அதற்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? இந்த எலக்ட்ரானிக்ஸ்காரன் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறானே என்று நினைக்க வேண்டாம். சம்பந்தம் உண்டு. மூளையைப் படம் பிடித்து ஆராயும் விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்கில் தங்களுக்குள் வாதாடிய விஷயங்களைக் கேட்டால் வியப்பாக இருக்கும். ஸ்கேல் என்ன? யூனிட் என்ன? எந்தப் பக்கம் இடது? ஃபைலுக்கு என்ன பெயர் வைப்பது? நாம் முதலாண்டிலேயே கற்றுக்கொண்டு, 'இதெல்லாம் எதுக்கு சார்?' என்று முணுமுணுத்த அதே விஷயங்கள்தான்!

முதலில் ஸ்கேனர் என்ன தருகிறது என்று பார்த்துவிடுவோம். எம்.ஆர்.ஐ. பற்றி எல்லோருக்கும் தெரியும். மூளை வேலை செய்யும்போதே படம் பிடிக்கும் வகைக்கு எஃப்.எம்.ஆர்.ஐ. என்று பெயர். இதற்கு அடிப்படை போட்டவர் ஜப்பானியரான சேஜி ஓகாவா. 1990இல், அமெரிக்காவின் பெல் லேபரட்டரியில். (ஆம், நம் டிரான்சிஸ்டர் பிறந்த அதே பெல் லேப்தான்!) ஆக்சிஜன் ஏந்திய ரத்தமும் ஆக்சிஜனை இறக்கிவிட்ட ரத்தமும் காந்தப் புலத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே புது ரத்தம் அதிகமாகப் பாய்கிறது. உடனே படத்தில் அந்த இடம் கொஞ்சம் பிரகாசமாகிறது. கொஞ்சம் என்றால் மிகக் கொஞ்சம். நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்குதான்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு வெட்டுப் படத்தில் 64 வரிசை, வரிசைக்கு 64 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி 36 வெட்டுகள் சேர்ந்தால் முழு மூளை. பெருக்கிப் பாருங்கள்: 1,47,456 புள்ளிகள். இரண்டு நொடிக்கு ஒரு முழு மூளை வீதம் பத்து நிமிடம் எடுத்தால் 300 மூளைப் படங்கள். மொத்தம் ஏறக்குறைய 4 கோடியே 42 லட்சம் எண்கள்! ஒரே ஆள், வெறும் பத்தே நிமிடம்.

இந்த நாலு கோடி எண்ணை மட்டும் ஒரு சிடியில் போட்டு உங்களிடம் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? ஒன்றும் செய்ய முடியாது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே எத்தனை நொடி? 36 வெட்டுகளைக் கீழிருந்து மேலாக எடுத்தார்களா, அல்லது முதலில் ஒற்றைப்படை, பிறகு இரட்டைப்படை என்று எடுத்தார்களா? உள்ளே படுத்திருந்தவருக்கு எந்த நொடியில் எந்தப் படம் காட்டினார்கள்? இவை எதுவுமே அந்த எண்களுக்குள் இல்லை. எடுத்தவரின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். அல்லது அவர் தலைக்குள் இருக்கும். யூனிட் தகராறு வேறு. ஸ்கேனரிலிருந்து வரும் மருத்துவ ஃபைலில் இந்த இடைவெளி மில்லி நொடியில் இருக்கும், அதாவது 2000. ஆராய்ச்சிக்காரர் அதையே நொடியில் 2 என்று எழுதுவார். யூனிட் போடாமல் டைமென்ஷன் எழுதிய ஷீட்டைப் பார்த்து நம்ம சார் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

இடதா, வலதா?

இருப்பதிலேயே பெரிய தலைவலி இதுதான். இன்பிளான்ட் டிரெயினிங்குக்காக ஒரு ஸ்கேன் சென்டரில் பத்து நாள் இருந்தேன். அங்கிருந்த டெக்னீஷியன் அண்ணன் ஒரு தலை ஸ்கேன் ஃபிலிமை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, 'தம்பி, ஆளு படுத்திருக்காரு, நீ அவரோட கால்மாட்டுல நின்னு பாக்குறேன்னு நெனச்சுக்க. அவரோட வலது உனக்கு இடது. டாக்டருங்க எல்லாம் இப்படித்தான் பாப்பாங்க' என்றார். ஓரத்தில் சின்னதாக ஓர் எழுத்து இருக்கும். அதைப் பார்க்காமல் ஃபிலிமைத் தொடக்கூடாதாம்.

டாக்டர்கள் இப்படி. ஆனால் மூளை ஆராய்ச்சிக்காரர்களில் பலர் தலைமாட்டில் நின்று பார்ப்பதுபோல வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இடது இடதுதான், வலது வலதுதான். இரண்டுமே தப்பில்லை. எது என்று எழுதிவைக்காததுதான் தப்பு! 1990களில் ஆராய்ச்சிக் கூடங்களில் பரவலாகப் புழங்கியது அனலைஸ் என்ற ஃபைல் முறை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் உருவானது. அதில் 348 பைட் அளவுக்கு ஒரு தலைப்புப் பகுதி உண்டு. அதில் பக்கம் எது என்பதைச் சந்தேகமின்றிச் சொல்ல வழி இல்லாமல் போனது. ஒரு சாஃப்ட்வேர் ஒரு விதமாக எடுத்துக்கொள்ளும், இன்னொன்று வேறு விதமாக. நடுவில் யாராவது ஒருவர் படத்தைத் திருப்பிவிட்டால் முடிந்தது கதை.

ஃபர்ஸ்ட் ஆங்கிள், தேர்டு ஆங்கிள் புரொஜெக்‌ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே பொருள்தான். ஒன்றில் டாப் வியூ கீழே வரும், மற்றதில் மேலே வரும். சைடு வியூவும் பக்கம் மாறும். டைட்டில் பிளாக்கில் அந்தச் சின்னக் கூம்புச் சின்னம் இல்லாவிட்டால் லேத்துக்காரர் வலது கைப் பாகத்துக்குப் பதில் இடது கைப் பாகத்தைக் கடைந்து வைத்துவிடுவார். அங்கேயாவது பாகம் பொருந்தாது, தவறு உடனே தெரிந்துவிடும். மூளை அப்படியில்லை. இரண்டு பாதியும் பார்வைக்குக் கண்ணாடிப் பிம்பம் மாதிரியே இருக்கும். திரும்பியிருந்தாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் வேலை ஒன்றல்லவே! பெரும்பாலானோருக்குப் பேச்சு முக்கியமாக இடது பாதியைச் சார்ந்தது. கட்டியை எடுக்கும் டாக்டருக்குப் பக்கம் மாறினால் என்னாகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆராய்ச்சியில் உயிர் போகாதுதான். இருந்தாலும் இருபது பேர் படத்தைச் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது அதில் நாலு படம் திரும்பியிருந்தால், வரும் முடிவு யாருடைய மூளையைப் பற்றியது?

இதற்கு விஞ்ஞானிகள் ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். படுக்கப் போகிறவரின் நெற்றியில் ஒரு பக்கமாக வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றை டேப் போட்டு ஒட்டிவிடுவார்கள்! உள்ளே எண்ணெய் இருப்பதால் எம்.ஆர்.ஐ. படத்தில் அது பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். மாத்திரை இருக்கும் பக்கம் வலது என்று பேசி வைத்துக்கொள்வது. கோடிக்கணக்கில் விலையுள்ள மெஷினுக்கு மெடிக்கல் ஷாப் மாத்திரை காவல்!

2000க்குப் பிறகு பல சாஃப்ட்வேர்க்காரர்கள் கூடி உட்கார்ந்து நிஃப்டி என்ற புது ஃபைல் முறையை உருவாக்கினார்கள் (பங்குச் சந்தைக்கும் இதற்கும் தொடர்பில்லை). இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர்கள் பழையதை உடைத்துப் போடவில்லை. அதே 348 பைட்டை வைத்துக்கொண்டு, அதில் யாரும் பயன்படுத்தாமல் கிடந்த இடங்களில் திசையையும் யூனிட்டையும் எழுத வகை செய்தார்கள். பழைய சாஃப்ட்வேரும் முடங்கவில்லை, புதியதும் நடந்தது.

கொடு என்றால் கொடுப்பார்களா?

ஃபைல் ஒழுங்காகிவிட்டால் மட்டும் போதுமா? அதை அடுத்தவருக்குக் கொடுக்க மனம் வேண்டுமே. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் மைக்கேல் கஸானிகா என்ற புகழ்பெற்ற மூளை விஞ்ஞானி, எஃப்.எம்.ஆர்.ஐ. தகவல்களுக்கென்றே ஒரு பொது மையம் தொடங்கினார். 2000ஆம் ஆண்டில், அவர் சார்ந்த ஆராய்ச்சி இதழில் கட்டுரை வெளியிட வேண்டுமானால் மூலத் தகவலை இந்த மையத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அவ்வளவுதான், பெரும் எதிர்ப்பு கிளம்பிவிட்டது! ராத்திரி பகலாக நாங்கள் சேர்த்ததை இன்னொருத்தர் நோகாமல் எடுத்து, எங்களுக்கு முன்னாலேயே கட்டுரை போட்டுவிட்டால்? ஸ்கேனில் படுத்தவர்களின் அந்தரங்கம் என்னாவது? எப்படி எடுத்தோம் என்று புரியாமல் தப்பாக அலசினால் பழி யார் மேல்?

இந்தக் கேள்விகளைச் சுயநலம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ரெக்கார்டு நோட்டைக் கடன் கொடுத்தவருக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனால் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. அந்தப் படங்களுக்காக இரைச்சல் மிகுந்த குழாய்க்குள் தலையை அசைக்காமல் ஒரு மணி நேரம் படுத்திருந்தவர் யார்? ஒரு சாதாரண மனிதர். 'ஆராய்ச்சிக்கு உதவட்டும்' என்றுதான் படுத்தார். ஒரு கட்டுரையோடு அந்த மணி நேரம் அலமாரிக்குள் போய்விடுவது அவருக்குச் செய்யும் நியாயமா?

கணக்கும் இந்தப் பக்கமே பேசுகிறது. ஸ்கேன் எடுக்கச் செலவு அதிகம், ஆகவே ஆய்வுகளில் ஆட்கள் குறைவு. 2013இல் பிரிட்டனைச் சேர்ந்த கேத்தரின் பட்டன் என்பவரும் அவர் சகாக்களும், நரம்பியல் ஆய்வுகள் பலவற்றைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். உண்மையாகவே ஒரு விளைவு இருந்தால்கூட, நடுத்தரமான ஓர் ஆய்வு அதைப் பிடிப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான் என்று வந்தது. இருபது பேரை வைத்துக்கொண்டு தனித்தனியாகத் தேடுவதைவிட நூறு கூடங்களின் இருபது பேரையும் ஒன்றாகச் சேர்த்தால் என்ன?

சேர்த்துக் காட்டினார்கள். பின்னணியைக் கேளுங்கள். 1995இல் பரத் பிஸ்வால் என்ற ஆராய்ச்சி மாணவர் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு விநோதத்தைக் கண்டார். ஸ்கேனருக்குள் ஒருவர் எந்த வேலையும் செய்யாமல் சும்மா படுத்திருக்கும்போதும், கையை அசைக்கும் இடது மூளைப் பகுதியும் வலது மூளைப் பகுதியும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின. பிறர் இரைச்சல் என்று வடிகட்டித் தள்ளியதை இவர் சிக்னல் என்றார். (நம் துறைக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்!) பதினாலு ஆண்டு கழித்து, 2009 கடைசியில், உலகம் முழுவதும் எடுத்த இந்த 'சும்மா இருத்தல்' படங்களை ஒன்றுசேர்த்து யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். 2010இல் பிஸ்வாலை முதல் ஆசிரியராகக் கொண்டு வந்த கட்டுரையில் 35 மையங்கள், 1,414 பேர்!

இது ஏன் சாத்தியமாயிற்று? ஒரு கூடம் முகங்களைக் காட்டும், இன்னொன்று கணக்குப் போடச் சொல்லும். அவற்றை ஒன்றாகக் கூட்ட முடியாது. சும்மா இருப்பது மட்டும் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். யாரும் திட்டமிடாமலே அமைந்த ஒரு ஸ்டாண்டர்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

பிட்ஸ் வந்தது

மற்ற ஆய்வுகளுக்கு அந்த வசதி இல்லை. டார்ட்மத் மையம் சில ஆண்டுகளில் ஓய்ந்தது. பிறகு ரஸ்ஸல் போல்ட்ராக் என்பவர் தொடங்கிய இன்னொரு பொதுக் களஞ்சியம் வளர்ந்து, இன்று ஓப்பன் நியூரோ என்ற பெயரில் இருக்கிறது. களஞ்சியம் இருந்தால் போதுமா? ஒவ்வொருவரும் மூட்டையை ஒவ்வொரு விதமாகக் கட்டி அனுப்பினால்? நம் ப்ராஜெக்ட் பேட்ச்களின் கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள்: 'ஃபைனல்', 'நியூ ஃபைனல்', 'ஒரிஜினல் ஃபைனல் 2'. பெரிய பல்கலைக்கழகங்களிலும் இதே கதைதான். ஆராய்ச்சி மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டால், அவர் விட்டுச் சென்ற ஃபோல்டரில் எது எது என்று அடுத்தவருக்குத் தெரியாது. வெளியாருக்குக் கொடுப்பது இருக்கட்டும், அதே கூடத்தில் அதே மேஜையில் உட்காருபவருக்கே பயன்படாது.

2015இல் தொடங்கி, 2016இல் கிறிஸ்டோஃப் கோர்கோலெவ்ஸ்கியும் பல நாட்டு நண்பர்களும் வெளியிட்டதுதான் பிட்ஸ். பரீட்சை ஹாலுக்குச் சிலர் கொண்டு போகும் பிட் அல்ல, ஐயா! மூளைப் படத் தகவலை அடுக்கும் முறை என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்.

அதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஃபோல்டர்: சப்-01, சப்-02 என்று. அதற்குள் மூளையின் உருவப் படம் அனட் என்ற ஃபோல்டரில், இயக்கப் படம் ஃபங்க் என்ற ஃபோல்டரில். ஃபைலின் பெயரிலேயே யார், என்ன வேலை, எத்தனையாவது சுற்று என்பது வரிசை மாறாமல் வர வேண்டும். படத்துக்குப் பக்கத்திலேயே அதே பெயரில் ஒரு சின்ன எழுத்து ஃபைல். அதில் இடைவெளி எத்தனை நொடி (கண்டிப்பாக நொடிதான், மில்லி நொடி ஆகாது), எந்த வரிசையில் வெட்டு என்பவை. இன்னொரு ஃபைலில் எந்த நொடியில் என்ன காட்டினார்கள் என்ற அட்டவணை. அட, நம்ம டைட்டில் பிளாக்தானே இது!

இதற்கு முன்னும் பலர் பிரம்மாண்டமான டேட்டாபேஸ் எல்லாம் கட்டினார்கள். அவற்றை நிறுவவே ஒரு கம்ப்யூட்டர் என்ஜினீயர் வேண்டும். பிட்ஸ்காரர்களோ நோட்பேடில் திறந்து படிக்கிற மாதிரி, எந்த ஏழைக் கூடத்திலும் ஒரு மாணவர் உட்கார்ந்து செய்கிற மாதிரி வைத்தார்கள். அது நிலைத்ததற்கு என் அபிப்பிராயத்தில் இதுதான் காரணம். கூடவே ஒரு சோதனை சாஃப்ட்வேரும் கொடுத்தார்கள். ஃபோல்டரைக் காட்டினால் 'இந்த ஃபைலில் நொடி இல்லை, அந்தப் பெயரில் வரிசை தப்பு' என்று சிவப்பு மையில் திருத்துவது மாதிரி பட்டியல் போட்டுவிடும். திருத்தாமல் ஓப்பன் நியூரோவுக்குள் போக முடியாது.

பிறகு இந்த முறை மின்முனைகளைத் தலையில் ஒட்டி எடுக்கும் ஈ.ஈ.ஜி.க்கும் விரிந்தது. அதில் கட்டாயம் எழுத வேண்டியவற்றில் ஒன்று என்ன தெரியுமா? அந்த ஊர் கரண்டின் ஃப்ரீக்வென்ஸி! நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. மூளையின் மைக்ரோ வோல்ட் சிக்னலில் சுவர் பிளக்கின் ஹம் கலந்திருக்கும். எந்த ஹம்மை வடிகட்டுவது என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டாமா? எலிகளின் நரம்பணுவுக்குள் நுண்முனை வைத்துப் பதியும் ஆய்வுகளுக்கு 2014இல் தனியாக வேறொரு ஸ்டாண்டர்டு முயற்சி தொடங்கியது. அதன் விவரம் நீளம், இங்கே இடமில்லை.

எல்லாம் சுபம் என்று எண்ண வேண்டாம். 108 பேரின் ஸ்கேன் தகவலை 70 குழுக்களிடம் கொடுத்து, ஒரே மாதிரி 9 கேள்விகளுக்கு விடை கேட்டார்கள். 2020இல் வெளியான அதன் முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் கணக்குப் போடவில்லை. பல கேள்விகளுக்கு ஆம் என்று சிலரும் இல்லை என்று சிலரும் விடை தந்தார்கள். தகவல் ஒன்று, விடை பல! 'அப்புறம் எதுக்குய்யா இந்த ஸ்டாண்டர்டு?' என்று கேட்கலாம். பொதுவில் வைத்ததால்தானே இந்தக் குட்டு வெளிப்பட்டது? பூட்டியே வைத்திருந்தால் ஒரு குழுவின் விடையையே வேதவாக்காக எடுத்திருப்போம்.

அந்தரங்கம் பற்றிய பயமும் வீண் பயமில்லை. தலை ஸ்கேனில் மூளை மட்டுமா வருகிறது? மூக்கு, கன்னம், நெற்றி எல்லாம் வருகிறது. 2019இல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் 84 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து முகத்தை உருவாக்கி, முகம் அறியும் சாஃப்ட்வேரிடம் அவர்களின் ஃபோட்டோக்களோடு கொடுத்தார்கள். 70 பேரை அது சரியாகக் கண்டுபிடித்துவிட்டது! பெயரை அழித்தால் போதாது என்று தெரிந்தது. அதனால் பொதுவில் வைக்குமுன் படத்திலிருந்து முகத்தைச் சுரண்டி எடுத்துவிடுவது வழக்கம். அதிகமாகச் சுரண்டினால் மூளையின் ஓரமும் சேர்ந்து போய்விடும், குறைவாகச் சுரண்டினால் ஆள் தெரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே கத்தியைப் பிடிப்பது இன்னும் தீராத வேலை.

நம் ஊர்ச் செய்தி ஒன்றும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தார், தாயின் வயிற்றில் 14 முதல் 24 வாரம் வரையான சிசுக்களின் மூளைகளை மெல்லிய சீவல்களாக வெட்டி, அணுவணுவாகத் தெரியும்படி கம்ப்யூட்டரில் பதிந்து, 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். மொத்தம் 5,132 சீவல்கள். பெயர் தரணி. உலகில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

ஆர்வமுள்ள ஜூனியர் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஓப்பன் நியூரோவிலிருந்து ஒரு முழு ஆய்வை இறக்க முயன்றால் பல ஜிகாபைட் வரும். நம் லைப்ரரி கனெக்‌ஷன் தாங்காது, லைப்ரேரியனும் தாங்க மாட்டார். முதலில் பங்கேற்றவர் பட்டியல் என்ற சின்ன ஃபைலை மட்டும் இறக்குங்கள். சில கிலோபைட்தான், நோட்பேடிலேயே திறக்கும். பெயர் ஒன்றும் இருக்காது. சப்-01, வயது, ஆணா பெண்ணா. சிலவற்றில் வலக்கைக்காரரா இடக்கைக்காரரா என்றும் இருக்கும். கடைசியில் சொன்ன அந்த விவரம் எதற்கு என்று இந்நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.